கவுன்சிலர் எதற்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கவுன்சிலர் இருந்தபோதும் எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தது, அதிகாரி ஆட்சியிலும் அடைக்கிறது. நல்ல ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரிடமே நகரத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? தேர்தல் செலவாவது மிச்சம். (வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: அந்த அதிகாரி சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள் அம்மா? மனு கொடுப்பீர்கள். அப்புறம்? அவரை அனுப்பியது மாநில அரசு இயங்கும் விதான சௌதா, மாற்றுவதும் அதுதான். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நான் இதே பெங்களூரில், மர்பி டவுனில் வளர்ந்தவன். தண்ணீர் வராத நாட்களில் எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு விடியற்காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பார்கள். தமிழிலேயே சண்டை போடுவார்கள். அடுத்த தேர்தலில் இதே பெண்களிடம் ஓட்டு கேட்டு வர வேண்டும் என்பதால் அவரும் வெளியே வந்து நிற்பார்.

நம் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அன்றோடு 198 வார்டுகளுக்கும் கவுன்சிலர் இல்லை. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. 2025-ல் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பட்ஜெட் போட்டதெல்லாம் அதிகாரிகள். எங்கள் தெருவுக்கு எவ்வளவு என்று சபையில் எழுந்து கேட்க ஒருவர்கூட இல்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குறைகளைக் கேட்க ஒரு சபை இருந்தால் போதாதா என்பவர்கள் மைசூர் சமஸ்தானத்தைப் பார்க்கலாம். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரரான திவான் (மன்னரின் தலைமை அமைச்சர்) ரங்காச்சார்லு 1881-ல் அங்கே பிரதிநிதிகள் சபையைத் தொடங்கினார். திவான் ஆட்சி விவரம் சொல்வார், உறுப்பினர்கள் குறைகளைச் சொல்வார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் திவானை நீக்க அந்தச் சபையால் முடியாது. ஆரம்பத்தில் நிலம் உள்ளவர்களும் வியாபாரிகளும்தான் அதில் உட்கார்ந்தார்கள். பிரதிநிதிகள் இருந்தும் அது மன்னராட்சிதான்.

கேள்வி: பிரதிநிதியே வேண்டாம், செல்போனில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போடலாமே? (கல்லூரி மாணவர், சிவாஜிநகர்)

பதில்: சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாகாணத்தில் இன்றும் மக்கள் வருஷத்துக்கு ஒருமுறை திடலில் கூடி, கை தூக்கி முடிவெடுக்கிறார்கள். நம் ஊர் கிராம சபையும் ஓரளவு அந்த வகைதான். சின்ன இடத்துக்கு அழகான முறை. பெங்களூருக்கு? மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் பெண், குப்பை டெண்டரின் பக்கங்களைப் படித்துவிட்டு ஓட்டுப் போட நேரம் எங்கே? நேரமும் செல்போன் டேட்டாவும் உள்ளவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். அந்தப் பெண்ணுக்காக அதைப் படித்துக் கேள்வி கேட்பதுதான் பிரதிநிதியின் வேலை.

ஓட்டு கேட்டு வருகிறவரிடம் நீங்கள் இருவருமே ஒன்று கேளுங்கள்: வார்டு கமிட்டியை மாதாமாதம் கூட்டுவீர்களா? வரவு செலவை அங்கே வாசிப்பீர்களா?