மெட்ரோ ரயிலுக்கு இவ்வளவு பணம் கொட்ட வேண்டுமா, பஸ்ஸே போதாதா?

கேட்டவரின் ஆதங்கம் புரிகிறது. நகர ரயிலுக்குச் சொல்லும் தொகையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது, அதில் ஆயிரக்கணக்கில் பஸ் வாங்கி ஓட்டலாமே என்கிறார். நான் ரயில் வேண்டும் என்ற கட்சி. ஆனாலும் இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வராது. சந்தேகப்படுகிறவர்கள் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளூவ்பியர் என்ற ஆய்வாளர் 2002-ல் தன் சகாக்களோடு 258 போக்குவரத்துத் திட்டங்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். ரயில் திட்டங்கள் முதலில் போட்ட மதிப்பீட்டைவிடச் சராசரியாக 45 சதவீதம் கூடுதலாக விழுங்கியிருந்தன. 2005-ல் பயணிகள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். கணித்ததில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஏறியிருந்தார்கள். செலவு ஒன்றரை மடங்கு, கூட்டம் பாதி! மேடையில் ஒரு தொகையை யார் சொன்னாலும், மனதுக்குள் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டுதான் நான் கேட்கிறேன்.

சரி, பஸ் போதுமா? அது அந்தச் சாலையில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆயிரம் பேர் ஏறும் ரயில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வந்தால், ஒரு திசையில் மணிக்கு 30,000 பேர். எழுபது பேர் ஏறும் பஸ்ஸில் அதே கூட்டத்தை ஏற்ற எட்டு நொடிக்கு ஒரு பஸ் வர வேண்டும். கையில் பையோடு ஒரு பாட்டி படியேறி முடிப்பதற்குள் பின்னால் இரண்டு பஸ் வந்து நின்றிருக்கும்.

முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000-ல் டிரான்ஸ்மிலேனியோ என்ற பஸ் சேவையைத் தொடங்கியது. பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை, ஏறுவதற்கு முன்பே டிக்கெட், நிலையத்தில் ஒரு பஸ்ஸை இன்னொன்று முந்திப்போக இரண்டாவது தடம். பரபரப்பான நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் அதற்குப் பெரிய சாலைகளின் நடுவில் திசைக்கு இரண்டு தடங்களை பஸ்ஸுக்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பஸ்ஸே போதும் என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: கார் ஓட்டும் இடத்தை அந்த அளவுக்கு விட்டுத்தரச் சம்மதமா? சம்மதம் என்றால் உங்களோடு நானும் கொடி பிடிக்கிறேன். அப்புறம், அதே பொகோட்டா இப்போது மெட்ரோவும் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த பஸ்களில் நெரிசல் அவ்வளவு.

கட்டாமல் விட்டால் மிச்சம் என்ற நினைப்பும் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் மக்கள் 1968-ல் ரயில் திட்டத்துக்கு வாக்களித்தார்கள். பாதிக்குச் சற்று மேல் ஆதரவு கிடைத்தது. தேவைப்பட்டதோ 60 சதவீதம். 1970-ல் மறுபடி கேட்டார்கள், அதிலும் தோல்வி. மத்திய அரசு தரவிருந்த பணம் அட்லாண்டாவுக்குப் போனது. அங்கே 1979-ல் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சியாட்டிலில் புதிய நகர ரயில் ஓடியது 2009-ல். அதற்குள் ஒரு தலைமுறையே நெரிசலில் நின்று ஓய்வு பெற்றுவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் அமெரிக்காவின் ஹவாயில் உள்ள ஹொனலூலு நகரம். 2008-ல் மக்கள் சரி என்றார்கள். 2012-ல் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டபோது மதிப்பு 510 கோடி டாலர் அளவில் இருந்தது, பிறகு அது இரட்டிப்பை நெருங்கியது. நடுவில் இன்னொன்றும் தெரியவந்தது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இருக்கும் இடைவெளிக்கு ரயில் சக்கரத்தின் அகலம் போதவில்லை. சுமார் அரை அங்குலம் குறைவு! அந்த அரை அங்குலத்தைச் சரிசெய்யவே பெரும்பாடு பட்டார்கள். 2023-ல் திறந்த முதல் பகுதி நகர மையத்துக்கு வரவே இல்லை. ஒரு முனை புறநகர், மறுமுனை நிகழ்ச்சிகள் நின்றுபோன ஒரு விளையாட்டரங்கம். காலி ரயிலைக் காட்டி, நாங்கள் அப்போதே சொன்னோமே என்று எதிர்த்தவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விவாதம் முழுக்க வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே கரைந்துபோகிறது. எங்கே தொடங்குவது, நிலையம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், யார் மேற்பார்வை பார்ப்பது என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, பணம் கரைவதோ அங்கேதான். மாட்ரிட் 1995-க்கும் 2003-க்கும் நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல் குறைந்த செலவில் புதிய பாதை போட்டது. ஒரே மாதிரி எளிய நிலையங்கள், உடனுக்குடன் முடிவெடுக்கும் சிறிய பொறியாளர் குழு, இரவும் பகலும் வேலை. நியூயார்க்கில் 2017-ல் திறந்த இரண்டாம் அவென்யூ பாதையின் முதல் பகுதி மூன்று கிலோமீட்டர்கூட வராது, அதற்குச் சுமார் 450 கோடி டாலர். தேவைக்கு மேல் பிரம்மாண்டமாகத் தோண்டிய நிலையங்கள் அதில் பெரும்பங்கு தின்றன. தொழிலாளர் சம்பளமும் நிலமும் ஊருக்கு ஊர் மாறும்தான், ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

என் சொந்த அனுபவம் ஒன்று. மூட்டுவலி உள்ள என் அம்மாவை முதன்முதலாக ஒரு புதிய நிலையத்துக்கு அழைத்துப்போனேன். ரயில் பளபளப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. இறங்கி வெளியே வந்தால், லிஃப்ட் இருந்த வாசல் ஆறு வழிச் சாலைக்கு அந்தப்பக்கம். நாங்கள் போக வேண்டிய பஸ் நிறுத்தம் இந்தப்பக்கம். நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் தூண் நின்றது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். எண்ணினேன், நாற்பத்திரண்டு படி. ரயிலில் மிச்சமான இருபது நிமிடமும் அந்தப் படிகளிலும் சாலையைக் கடப்பதிலுமே போய்விட்டது. "அடுத்த தடவை பஸ்லயே போயிடலாம்பா" என்றார். கணித்த கூட்டத்தில் பாதி எங்கே போனது என்பதற்கு, அந்த ஆய்வைவிட அம்மா சொன்னதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

அதனால் உங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் தயவுசெய்து போங்கள். ஆதரித்துப் பேசினாலும் சரி, எதிர்த்துப் பேசினாலும் சரி. மொத்தச் செலவைப் பற்றிக் கத்த நிறைய பேர் வருவார்கள். நீங்கள் நிலைய வாசலின் வரைபடத்தைக் கேளுங்கள். லிஃப்ட் எந்தப்பக்கம், பஸ் எங்கே நிற்கும், இரவு பத்து மணிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்பு இதைக் கேட்டால் வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்துத் திரும்ப வரைந்தால் போதும்.