பல வாத்தியம் வாசித்தவர்கள் அரைகுறைகளா?

கேள்வி: ஜாஸ் இசையில் மூன்று நான்கு வாத்தியங்களைக் கையாண்டவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை பிறர் குழுவில் பக்கவாத்தியக்காரர்களாகவே இருந்துவிட்டார்கள். ‘பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்பது இவர்களுக்குப் பொருந்தும்தானே?
– வாசகர், கோவை

பதில்: பொருந்தாது. பழமொழியை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற ஆட்களைப் பிறகு தேடியிருக்கிறீர்கள்.

பெரிய இசைக்குழுக்கள் கோலோச்சிய காலத்தில், சாக்ஸஃபோன் வரிசையில் உட்காருபவருக்குக் கிளாரினெட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பது வேலைக்கான தகுதியாகவே கருதப்பட்டது. ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் குழுவில் 1927 முதல் 1974 வரை இருந்த ஹாரி கார்னி, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரிடோன் சாக்ஸஃபோனோடு கிளாரினெட், அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் பாஸ் கிளாரினெட் இரண்டையும் வாசித்தவர். ஆனாலும் பாரிடோன் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று பின்வந்தவர்களுக்குக் காட்டியவரும் அவரே. அதே குழுவில் 1940இல் சேர்ந்த ரே நான்ஸ் டிரம்பெட், வயலின் இரண்டும் வாசித்தார், பாடினார், போதாததற்கு ஆடவும் செய்தார். மறு ஆண்டு பதிவான ‘டேக் தி ஏ டிரெயின்’ உருப்படியில் அவர் டிரம்பெட்டில் வாசித்த தனிப்பகுதியைப் பிற்காலத்தவர் பலர் ஏறக்குறைய அப்படியே திருப்பி வாசித்திருக்கிறார்கள்.

எரிக் டால்ஃபியை நீங்கள் எப்படி மறந்தீர்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. ஆல்ட்டோ சாக்ஸஃபோன், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட் ஆகிய மூன்றும் உதட்டையும் மூச்சையும் வெவ்வேறு விதமாகக் கேட்பவை. மூன்றிலும் அவருக்குத் தனித்தனிக் குரல் இருந்தது. 1960 டிசம்பர் 21 அன்று சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவில் பாஸ் கிளாரினெட் வாசித்துவிட்டு, அதே நாளில் தம் சொந்த இசைத்தட்டான ‘ஃபார் க்ரை’க்காக மூன்று வாத்தியங்களையும் வாசித்தார். ஜாஸ் மேடையில் அதுவரை அபூர்வமாகவே தனித்து ஒலித்த பாஸ் கிளாரினெட், அவருக்குப் பிறகுதான் தனி வாசிப்புக்குரிய வாத்தியமாக மதிக்கப்பட்டது. ஜாஸின் பெரும் குழுத்தலைவர்களான சார்லஸ் மிங்கஸும் ஜான் கோல்ட்ரேனும் தங்கள் குழுவில் வாசிக்க அவரை அழைத்தது ஆள் பற்றாக்குறையாலா? 1961இல் ‘டவுன்பீட்’ என்ற ஜாஸ் இதழின் விமர்சகர் ஒருவர் கோல்ட்ரேனையும் அவரையும் சேர்த்து ‘ஜாஸுக்கு எதிரான இசை’ என்று சாடினார். புதுமையான வாசிப்புக்கு வாய்ப்புகள் சுருங்கின. சொந்தக் குழுவை நிலையாக நடத்த வழியில்லாமல், 1964 ஜூனில், கண்டறியப்படாத நீரிழிவு நோயால் பெர்லினில் இறந்தபோது அவருக்கு வயது 36. இதில் தச்சனின் கைக்குறை எங்கே இருக்கிறது?

இனி, பிறர் குழுவில் வாசிப்பதையே தோல்வியாகக் கருதும் உங்கள் நினைப்புக்கு வருகிறேன். லண்டனில் பிறந்த விக்டர் ஃபெல்ட்மன் டிரம்ஸ், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன், பியானோ மூன்றிலும் தேர்ந்தவர். 1963இல் புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவில் சேரும்படி கேட்டபோது, லாஸ் ஏஞ்சல்ஸில் நிலையாக வருமானம் தந்த ஸ்டுடியோ வேலையை விட மனமில்லாமல் மறுத்துவிட்டார். அந்த இடத்துக்குப் பியானோ கலைஞர் ஹெர்பி ஹேன்காக் வந்தார். ஃபெல்ட்மனை அரைகுறை என்று சொல்வதானால், அவரை அழைத்த மைல்ஸ் டேவிஸின் காதைத்தான் நீங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டும்.