தங்கப் பதக்கம் வேண்டாம், டீச்சர்

கேள்வி: முப்பது வருஷத்துக்கு மேல் நர்சிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். படித்ததும் பிறகு வேலை பார்த்ததும் ஒரே கல்லூரி; ஒரு டிரஸ்ட் நடத்துவது. பி.எஃப். பணத்தில் 5 லட்சத்தை அங்கே கொடுத்து, ஆண்டுதோறும் முதலிடம் வரும் மாணவிக்கு என் அம்மா பெயரில் தங்கப் பதக்கம் வைக்க ஆசை. "ஃபீஸ் வாங்குற காலேஜுக்கு நீ எதுக்கும்மா காசு குடுக்கணும்?" என்கிறான் மகன். புதிய பிரின்சிபாலும் முன்போல் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யட்டும்? - பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: கொடுங்கள் டீச்சர். ஆனால் பதக்கத்துக்கு வேண்டாம், 5 லட்சமும் வேண்டாம்.

முதலில் கணக்கு. 5 லட்சத்தை டெபாசிட்டில் போட்டு 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருஷத்துக்கு 35,000 ரூபாய்தான். இன்றைக்கு ஒரு சவரனுக்கே அது காணாது, அப்புறம் முலாம் பூசின பதக்கத்தைத்தான் அம்மா பெயரில் கொடுக்க வேண்டி வரும். அதோடு, முதலிடம் வருகிற பெண் எப்படியும் கரையேறிவிடுவாள். இரண்டாம் வருஷத்தில் அப்பாவுக்கு வேலை போய், மெஸ் பில் பாக்கி விழுந்து, பரீட்சை ஃபீஸ் கட்ட வழியில்லாமல் ஊருக்குப் போய்த் திரும்பி வராமலே இருந்துவிடுகிறாளே, அவளை உங்களுக்குத் தெரியும். உங்கள் வகுப்பிலேயே அப்படிச் சிலர் இருந்திருப்பார்கள். அந்த 35,000 அவளுக்குத்தான் பெரிய தொகை.

மகன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தனியார் கல்லூரி வேலை, மாதாமாதம் வருகிற அரசு பென்ஷன் கிடையாது, நாளைக்கு முட்டி ஆபரேஷன் என்றால் இந்த பி.எஃப்.தான். அதனால் இப்போது 2 லட்சம் போதும். மீதியைக் கொடுக்க ஆசையிருந்தால் உயிலில் எழுதுங்கள். கொடுக்கிறதையும் வெறும் நன்கொடை ரசீதோடு விட்டுவிடாதீர்கள். அசலைத் தொடக்கூடாது, செலவாகாத வட்டி அசலோடு சேர வேண்டும், யாருக்குக் கொடுப்பது என்பதை பிரின்சிபாலும் ஒரு சீனியர் டியூட்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், வருஷம் ஒருமுறை கணக்கு உங்களுக்கு வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பெண்ணை மேடையேற்றி உங்கள் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். எழுத்தில் தர டிரஸ்ட் தயங்கினால், டெபாசிட் யோசனையை விட்டுவிட்டு, தேவைப்படுகிற மாணவியின் ஃபீஸை நீங்களே நேராகக் கட்டிவிடுங்கள்.

பணத்தைவிட உங்களிடம் இருக்கிற இன்னொன்றை, உங்கள் நேரத்தையும் அனுபவத்தையும் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860ல் தொடங்கிய நர்ஸ் பயிற்சிப் பள்ளி, கிரிமியப் போரின்போது, காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்த நர்ஸ் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் மக்கள் திரட்டத் தொடங்கிய நிதியில் வந்தது. அந்த அம்மா அங்கே வகுப்பெடுக்கவில்லை, உடம்பு முடியாமல் பெரும்பாலும் வீட்டோடு கிடந்தவர். ஆனால் 1872 தொடங்கி 1900 வரை, நடுவில் சில வருஷம் தவிர, பயிற்சி மாணவிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அவர்களை டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டு வார்டு நிலவரம் விசாரித்தார். நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கிறீர்கள், இன்னும் அதிகம் செய்யலாம். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து முதல் வருஷம் அனாடமி புத்தகத்தின் முன்னால் விழிக்கிற பிள்ளைகள் எந்த நர்சிங் கல்லூரியிலும் உண்டு. பாடம் புரியாமல் இல்லை, ஆங்கிலத்தில் பதில் எழுத வராது, வாய்வா என்கிற வாய்மொழித் தேர்வில் வாய் திறக்க பயம். வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஹாஸ்டலில் உட்கார்ந்து அவர்களோடு அதைப் படியுங்கள், பிராக்டிகலுக்கு முன் லேபில் கூட நின்று கைப்பழக்கம் செய்யவையுங்கள். பாடத்திட்டத்தை ஓட்டவே நேரம் போதாத டியூட்டர்கள் உங்களைக் கும்பிடுவார்கள்.

பிரின்சிபால் விஷயம் சின்னது. அவருக்கு நீங்கள் பழைய மேடம், வந்தால் குறை சொல்வீர்கள் என்ற கூச்சம் இருக்கலாம். "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்காமல், அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு ஹாஸ்டல் வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாக, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிக்கழிவு கிடைக்காது, நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதை மகனிடமே பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் கோபம் தணியும். காசோலையை டிரஸ்ட் பெயருக்கு எழுதுங்கள், பழைய மாணவியர் சங்கச் செயலாளர் எவ்வளவு நெருங்கிய தோழியானாலும் அவர் பெயருக்கு வேண்டாம்.