செனகலின் சென் லூயி தீவில் பழைய நகரம் எப்படி உருவானது, ஏன் சிதைகிறது?

செனகல் ஆற்றின் முகத்துவாரத்தருகே, 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமும் 400 மீட்டருக்கு உட்பட்ட அகலமும் கொண்ட தீவு இது. 1659-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே குடியேறினார்கள். அடிமை வணிகமும் வேலம்பிசினும்தான் ஊரை வளர்த்தன. பிசினுக்கு ஈடாக, ஆற்றுக்கு வடக்கே பாலைவனப் பகுதியில் வாழ்ந்த மூர் இன வணிகர்கள் விரும்பிக் கேட்டது புதுச்சேரியின் அவுரி நீலத் துணியை. 19-ஆம் நூற்றாண்டில் அது அங்கே நாணயம் போலவே புழங்கியது. நம் தறிக்காரர்களின் உழைப்பும் அந்த வீதிகளில் கலந்திருக்கிறது, இதைப் பலர் அறிவதில்லை.

இன்று காணும் நேர்வீதிகளும் கரைத்துறைகளும் 1854-இல் ஆளுநரான ஃபெதெர்ப் காலத்தில் ஒழுங்கானவை. வணிகர் வீடுகளில் கீழே கடை, கிடங்கு, மேலே குடியிருப்பு, நடுவில் முற்றம், வீதிப்பக்கம் மர பால்கனி. 1902-இல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் தலைநகரம் டக்கருக்குப் போனது. ஊர் தேங்கியது. பழைய வீடுகள் தப்பியதற்கு அந்தத் தேக்கம் முக்கியக் காரணம் என்பேன். 2000-இல் இந்தத் தீவு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சிதைவுக்கு முதல் காரணம் உப்பு ஈரம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு படிகமாகி செங்கல் பொடிந்து உதிரும். மறுபூச்சுக்குச் சுண்ணாம்பே சரி.

இரண்டாவது காரணம் கடல். 2003-இல் வெள்ளத்தை வடிக்க, ஆற்றையும் கடலையும் பிரிக்கும் நீண்ட மணல்திட்டில் 4 மீட்டர் அகலக் கால்வாய் வெட்டினார்கள். அது சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கான மீட்டராக விரிந்து புதிய முகத்துவாரமானது. அதன்பின் கடலின் ஏற்றவற்றம் தீவை இன்னும் வலுவாகத் தொடுகிறது.