கீசரைத் திறப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்: கேள்வி பதில்

சென்னையிலும் புறநகரிலும் வீட்டுத் தண்ணீர் இணைப்பு, கீசர் பழுது ஆகிய வேலைகளை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கீசரைப் பற்றியவை என்றாலும், அவற்றில் பாதிக்கு மேல் குறை தண்ணீரில்தான் இருக்கிறது.

மேடவாக்கம் வாசகி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர் மட்டும்தான். 25 லிட்டர் கீசரில் ஆண்டுக்கு ஒரு காயில் போய்விடுகிறது. வேறு கம்பெனி கீசர் வாங்கினால் சரியாகுமா?

சரியாகாது அம்மா. எந்தக் கம்பெனியின் காயிலாக இருந்தாலும் உங்கள் தண்ணீரில் இதே கதிதான் நேரும். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடு எங்கே மிகுதியோ அங்கேயே, அதாவது காயிலின் மேலேயே படிகிறது. அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்குள் போகவிடாமல் தடுப்பதால், காயில் தன் சூட்டிலேயே வெந்து ஒருநாள் வெடித்துவிடுகிறது. அண்மையில் நான் கழற்றிய ஒரு காயில், சுண்ணாம்பில் தோய்த்தெடுத்த மக்காச்சோளக் கதிரைப் போல இருந்தது; தொட்டியின் அடியிலிருந்து வெள்ளைச் செதில்களைக் கைநிறைய மூன்று முறை அள்ளினேன்.

முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, கடினத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிப்பதைவிட, 55 டிகிரியில் வைத்தால் படிவு கணிசமாகக் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, காயில் போவதற்குக் காத்திராமல், தொட்டியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்போது ஆனோடு ராடையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த மெக்னீசியத் தண்டு, தொட்டி துருப்பிடிக்காமல் இருப்பதற்காகத் தான் கரைந்துகொண்டிருப்பது; பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். காயிலை மட்டும் மாற்றிவிட்டு ராடைப் பார்க்காமல் போவதால்தான் நல்ல தொட்டிகள் ஓட்டை விழுந்து வீணாகின்றன.

பெரம்பூர் வாசகர்: கீசரை ஓட்டும்போது அதன் வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சொட்டும் வாயை அடைத்துவிடலாமா என்று பிளம்பர் கேட்கிறார்.

அடைக்கவே கூடாது. தண்ணீர் சூடானால் விரியும்: 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் கூடுதலாகிறது. உள்ளே வரும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால், அந்தக் கூடுதல் தண்ணீர் வெளியேற இந்த வால்வு ஒன்றுதான் வழி. அதை அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் தொட்டியே வெடிக்கலாம். வால்வில் ஒரு சிறு குழாயைப் பொருத்தித் தரைவடிகாலுக்கு விடுங்கள். கீசர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.

தாம்பரம் வாசகி: ஷவர் குழாயைத் தொட்டால் இலேசாகச் சுருக்கென்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளிக்கிறோம்.

தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். கீசரின் இணைப்பை மெயினிலேயே துண்டித்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். காயிலின் உறை விரிசல் விட்டிருக்கலாம். ஆனால் மின்சாரம் குழாய் வரை வந்திருப்பது எர்த் சரியில்லை என்பதையும் காட்டுகிறது. எர்த் இல்லாத வீட்டில் நியூட்ரலையே எர்த் முனையில் முடிந்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், 16 ஆம்பியர் பிளக், தனி ஒயர், நல்ல எர்த், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் கட்டாயம் வேண்டும். புதுக் காயில் போடுவது அதற்கு அப்புறம்.

பெருங்குடி குடியிருப்போர் சங்கச் செயலர்: முழுக்க லாரித் தண்ணீரை நம்பியிருக்கிறோம். இறக்குவதற்கு முன் எதைப் பார்ப்பது?

12,000 லிட்டரையும் சம்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், விட்ட பிறகு பார்த்துப் பயனில்லை. ஓஸிலிருந்து முதலில் ஒரு வெள்ளை வாளியில் பிடித்து நிறம், வாடை, கலங்கல் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு குளோரின் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். தனியார் லாரிகள் ஒரு நாள் ஒரு கிணற்றிலும் மறுநாள் வேறொன்றிலும் நிரப்பக்கூடும் என்பதால், ஒவ்வொரு லாரியின் கடினத்தன்மையையும் காவலாளியைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு மாதக் கணக்கு கையில் இருந்தால் யாரிடம் தண்ணீர் வாங்குவது என்று சங்கக் கூட்டத்தில் வாதாட வேண்டியிருக்காது.

அதே செயலர்: சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) விற்க வந்தவர், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) மீட்டரை வைத்துக் காட்டி, பாதியாகக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்.

சாஃப்ட்னர் டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுவதுதான் அதன் வேலை. கீசருக்கும் குழாய்களுக்கும் நல்லதுதான், ஆனால் உப்புப் போட்டுக் கழுவுவதைத் தவறவிட்டால் அது வெறும் பானை. குடிப்பதற்கு அந்தத் தண்ணீரை நம்ப வேண்டாம்.

குரோம்பேட்டை வாசகர்: மழைநீரைச் சம்பில் விட்டால் கீசருக்கு ஏதேனும் நன்மை உண்டா?

நிச்சயமாக உண்டு, இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மழைநீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை என்பதால், போர் தண்ணீரோடு கலக்கும்போது அந்த அளவுக்குப் படிவு குறையும். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் குழி மட்டும் தோண்டினார்கள். சம்புக்கு இணைப்பு கொடுத்தவர்கள் குறைவு. 1,000 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டர் விழுகிறது. சேதாரம் போனாலும் 3,500 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஜல்லியும் கரியும் மணலும் நிரப்பிய வடிகட்டி ஒன்றும், முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வும் போதும். புரட்டாசிக்குள் மாடியைக் கூட்டிக் கழுவி, அந்த வால்வு சுழல்கிறதா என்று ஒருமுறை கையால் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.