எங்க அம்மிச்சி விடியக்கால காப்பி குடிச்சுட்டு ஸ்கேனுக்குப் போனாங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. வயித்து ஸ்கேனுக்கு முன்னாடி காப்பி குடிக்கலாமா?

பால் காப்பி வேண்டாங்க, வெறும் தண்ணி குடிக்கலாம். "பித்தப்பை தெரியல, இன்னொரு நாள் வாங்க"ன்னு உங்க அம்மிச்சிய திருப்பி அனுப்புனதுக்கு அந்த விடியக்கால காப்பிதான் காரணமா இருக்கும், பால்ல இருக்கற கொழுப்பு உள்ள போனா பித்தப்பை சுருங்கிரும், சுருங்கின பையில கல்லு இருந்தாலும் சரியா தெரியாதுங்க.

முந்தின ராத்திரி கொள்ளு, அரிசிம்பருப்பு எல்லாம் விட்டுட்டு ரெண்டு இட்லியோட முடிச்சுக்கோங்க, வாயு சேந்தா படம் மறைக்கும். அப்புறம் 6-லருந்து 8 மணி நேரம் வெறும் வயிறு.

டாக்டர் எழுதுன சீட்ட ஒருக்கா பாருங்க, வயிறு முழுசுக்கும் ஸ்கேன்னு (whole abdomen) இருந்தா மூத்திரப்பையும் நெறஞ்சிருக்கணும். ஆனா சத்தியமங்கலத்துல பஸ் ஏறறப்பவே தண்ணி குடிக்க வெச்சுராதீங்க, எங்கம்மா அப்படிக் குடிச்சுட்டு புளியம்பட்டி தாண்டறதுக்குள்ள முந்தானைய இறுக்கிப் புடிச்சு கண்ணு கலங்கி உக்காந்திருந்தாங்க, இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல. கோயமுத்தூர் போய் டோக்கன் வாங்கிட்டு, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு லிட்டர், கொஞ்சங் கொஞ்சமா.

சக்கரை மாத்திரை, இன்சுலின் இருந்தா மட்டும் டாக்டர கேக்காம வெறும் வயித்துல குடுத்தறாதீங்க. கிட்னி, இருதயத்துக்காக தண்ணி அளவு சொல்லியிருந்தாலும் அந்த ஒரு லிட்டருக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.