தசைக்கு வயதாகும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வயது 62. மாடிப்படி ஏறினாலே தொடை ஓய்ந்துவிடுகிறது. தசையில் ஆற்றல் உற்பத்தி நின்றுவிட்டதா?

பதில்: நின்றிருந்தால் இந்தக் கேள்வியை எழுதவே முடிந்திருக்காது, வேகம்தான் குறைந்திருக்கிறது. தசை சுருங்கத் தேவையான ஆற்றலைத் தரும் மூலக்கூறு ஏ.டி.பி.; தசையில் தயாராக இருக்கும் அது சில வினாடிகளில் தீர்ந்துவிடும். அதை உடனே நிரப்பித் தரும் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட் இன்னும் ஏறக்குறைய பத்து வினாடிகள் தாங்கும். அதற்குமேல் ஓயாமல் உழைக்க, செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஏ.டி.பி. தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்டிரியா வேண்டும். வயதாக ஆக இவற்றின் திறன் குறைகிறது. பழுதானவற்றை அகற்றும் வேலையும் மந்தமாகிறது. பயிற்சி முடிந்ததும் கிரியேட்டின் பாஸ்பேட்டை மீண்டும் நிரப்புவது மைட்டோகாண்டிரியாதான்; அது எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்பதைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைக் கருவியால் அளக்கலாம். முதியவர்களிடம் இந்த மீட்சி பொதுவாகத் தாமதப்படுகிறது.

ஆனால் சோர்வு திடீரென வந்திருந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு, இதயம், கொலஸ்ட்ரால் குறைப்பு மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எண்பதைத் தாண்டிய பிறகு பயிற்சி செய்து என்ன பயன்?

பதில்: 1990இல் பாஸ்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அதில் நரம்புகளின் பங்கும் உண்டு. எல்லாம் மைட்டோகாண்டிரியாவின் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றைப் பெருக்க, மூச்சு வாங்கும் அளவுக்கு நடப்பது, மிதிவண்டி ஓட்டுவது போன்றவை கூடுதலாக உதவும். வயதின் கணக்கில் நாம் எழுதும் சரிவில் கணிசமான பங்கு, உட்கார்ந்தே இருப்பதால் வருவது.

கேள்வி: வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் தசையைக் காக்குமா?

பதில்: முதுமைக்கு, செல்லைச் சேதப்படுத்தும் கட்டற்ற மூலக்கூறுகளே (free radicals) காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்னதிலிருந்து, அவற்றை அடக்கும் வைட்டமின் சி, ஈ மீதான இந்த நம்பிக்கை ஓய்ந்தபாடில்லை. 2009இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இந்த இரண்டையும் விழுங்கிய இளைஞர்களுக்குப் பயிற்சியால் கிடைக்க வேண்டிய நன்மையே, அதாவது உடலில் இன்சுலின் மேலும் நன்றாக வேலை செய்வதே, தடைபட்டது. பயிற்சியின்போது உருவாகும் இந்தக் கட்டற்ற மூலக்கூறுகள், தசை தன்னைச் சீரமைத்துக்கொள்வதற்கான சமிக்ஞையும்கூட. குறைபாடு இல்லாதவர் காசை மிச்சப்படுத்தலாம்.

கேள்வி: மைட்டோகாண்டிரியா தாய்வழிச் சொத்தாமே. அம்மாவுக்குத் தசை பலவீனம், எனக்கும் அப்படித்தானா?

பதில்: அப்படியே ஆக வேண்டும் என்றில்லை. மைட்டோகாண்டிரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு; தாயிடமிருந்து வரும் அதில் இருப்பவை 37 மரபணுக்கள். அவற்றுள் புரதம் தருபவை 13 மட்டுமே. மைட்டோகாண்டிரியாவின் மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களுக்கான குறிப்புகள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. அதில் அப்பாவுக்கும் பங்குண்டு.